மடகாஸ்கர்: விலங்குகளுக்கு வாய்த்த குரல்கள்

எரிக் டார்னெல், டாம் மெக்ராத் இருவரும் இயக்கி 2005ஆம் ஆண்டு வெளியான 'மடகாஸ்கர்' அனிமேஷன் படத்தை நான் மீண்டும் மீண்டும் பார்ப்பதற்குக் காரணம் கதையன்று, அதன் பாத்திரங்களும் அவற்றுக்கு வாய்த்த குரல்களுமே.

நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலையின் நட்சத்திரமான அலெக்ஸ் என்னும் சிங்கத்துக்குப் பென் ஸ்டில்லர் குரல் கொடுத்திருக்கிறார். கைத்தட்டலுக்குப் பழகிய அந்தச் சிங்கம், பசி முற்றியபோது உயிர்த்தோழனான வரிக்குதிரை மார்ட்டியையே இறைச்சித் துண்டாகக் கண்டு கடித்துவிட்டுத் திகைத்து நிற்கும் இடத்தில், அதுவரை அவர் குரலில் இருந்த மிடுக்கு முழுவதும் வடிந்துபோவதைக் கேட்கும்போது நெஞ்சு கனக்கிறது. மார்ட்டியாகப் பேசும் கிறிஸ் ராக்கின் வேகமும், நோய்ப்பயம் பிடித்த ஒட்டகச்சிவிங்கி மெல்மனுக்கு டேவிட் ஷ்விம்மர் தந்திருக்கும் தயங்கித் தயங்கி இழுக்கும் பேச்சும் அருமையாகப் பொருந்துகின்றன. நீர்யானை குளோரியாவுக்குத்தான் போதிய காட்சிகள் இல்லை. ஜாடா பிங்கெட் ஸ்மித்தின் திறமைக்கு அது குறையே.

லெமூர்களின் அரசன் ஜூலியனாக வரும் சாஷா பேரன் கோஹனின் விசித்திர உச்சரிப்பு தனி விருந்து. ஆயினும் என் முதலிடம் பென்குயின்களுக்கே. தலைவன் ஸ்கிப்பருக்கு இயக்குநர் மெக்ராத்தே குரல் கொடுத்திருக்கிறார். கப்பலையே கைப்பற்றி, ஆசைப்பட்ட அண்டார்டிகாவை அடைந்தபின், பனிக்காற்றில் நின்று அவர்கள் ஏமாற்றத்தோடு ஒருவரையொருவர் பார்க்கும் அந்தச் சில நொடி மௌனத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம்.