லாக் புக்கில் கையெழுத்து இருக்கிறது, வார்டில் நான் இல்லை

நர்சிங் படிக்க இடம் தேடுபவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டரை வருடத்தைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன்.

சேரும்போது நான் கேட்டது ஒரே கேள்வி: "கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா?" உண்டு என்று, சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் அது கல்வி நிறுவனம் நடத்துவதற்கான அனுமதி. நர்ஸாகப் பதிவு செய்ய, நாம் சேரும் அந்தப் படிப்பையே நர்சிங் கவுன்சில் ஏற்றிருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் வருடம் குறையே தெரியவில்லை. விளக்கேற்றி உறுதிமொழி எடுத்த நாளில் அம்மா அழுதுவிட்டார். (அந்தப் போட்டோவை இப்போது பார்க்கப் பிடிப்பதில்லை.) லேபில் பொம்மைக் கையில் ஊசி போட்டுப் பழகினோம். இரண்டாம் வருடம் வார்டுக்குப் போக வேண்டும். "ஆஸ்பத்திரியோடு பேச்சு நடக்கிறது, அடுத்த மாதம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பதினைந்து பேரை ஒரு சின்ன கிளினிக்கில் கொண்டுபோய் விட்டார்கள். பிபி பார்த்தோம், ஃபைல் அடுக்கினோம்.

அப்புறம் வந்தது லாக் புக், யார் எங்கே எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தார்கள் என்று பதியும் ஏடு. ஒரு மாலை எல்லோரையும் உட்காரவைத்து நிரப்பச் சொன்னார்கள். பிரசவ அறையில் இத்தனை மணி நேரம், ஐசியுவில் இத்தனை மணி நேரம். நான் ஒரு பிரசவத்தைக்கூடப் பார்த்ததில்லை. "எல்லா இடத்திலும் இப்படித்தான், எழுதும்மா" என்றார் மேடம். எழுதினேன். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

இந்த மணிக்கணக்கு வெறும் சடங்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொது நர்ஸ் பயிற்சிக்குக் குறைந்தது 3 ஆண்டு, 4,600 மணி நேரம் வேண்டும்; அதில் பாதியாவது மருத்துவமனை போன்ற இடங்களில் நேரடிப் பயிற்சி. அமெரிக்காவில் 2023இல் வெளிவந்த ஃபுளோரிடா வழக்கில் 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டது தெரியவந்தது. காசு கொடுத்து வாங்கிய பலருக்கு உரிமமும் போனது.

எங்கள் சீனியர் ஒருவரின் உரிமத் தேர்வு விண்ணப்பம் திரும்பி வந்தபோதுதான் நான் கவுன்சிலுக்கு போன் செய்தேன். எங்கள் படிப்பு அவர்கள் பட்டியலிலேயே இல்லை. கட்டிய பணம் திரும்பவில்லை. படித்த பாடங்களை வேறு கல்லூரி எதுவும் ஏற்கவும் இல்லை.

மறுபடி கல்லூரி தேடிய இந்த முறை, கவுன்சிலின் பட்டியலில் படிப்பின் பெயரை நானே தேடிப் பார்த்தேன். போன வருடம் எத்தனை பேர் உரிமத் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்டேன். ஓரிடத்தில் அதற்கே கோபப்பட்டார்கள். சரி என்று எழுந்து வந்துவிட்டேன். இன்னோரிடத்தில், மாணவர்கள் பயிற்சிக்குப் போவதாகச் சொன்ன வார்டுக்கே போய் அங்கிருந்த சிஸ்டரிடம் விசாரித்தேன். "விடிந்ததும் வந்து நிற்கிறார்கள், ஒரு ட்ரெஸ்ஸிங்கை நிம்மதியாக மாற்ற முடிகிறதா? ஆளுக்கு நாலு கேள்வி!" என்று சலித்துக்கொண்டார்.

அன்றைக்கே ஃபீஸ் கட்டிவிட்டேன். மறுபடியும் முதல் வருடம்தான்.