நீர்ச்சுமையில் அமுங்கும் நிலம்: ஜிஎல்டாஸா, கிரேஸா?

மழைக்காலத்தில் தேங்கும் நீரின் எடைக்கு நிலம் அமுங்கும், வடிந்ததும் எழும். அமேசான் படுகையிலுள்ள மனௌஸில் இந்த ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 5 செ.மீ.க்கும் மேல். ஜிபிஎஸ் பதிவிலிருந்து இதைப் பிரித்தெடுக்க, உலகைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எவ்வளவு நீர் என்று சொல்லும் தரவு தேவை. எதை எடுப்பது?

நிலத்திலுள்ள நீரைக் கணினியில் கணக்கிடும் நாசாவின் அமைப்பு ஜிஎல்டாஸ். அதன் நோவா மாதிரி பார்க்க அழகு. கால் டிகிரிக் கட்டம், 3 மணி நேரத்துக்கு ஒரு மதிப்பு. ஆனால் மண் ஈரம், பனி, இலைகளில் தங்கும் நீர் ஆகியவற்றோடு கணக்கு முடிந்துவிடும். ஆறு இல்லை, ஏரி இல்லை, நிலத்தடி நீரும் இல்லை. மனௌஸிலோ பெருஞ்சுமையே ஆற்று வெள்ளம்தான்!

கிரேஸ் செயற்கைக்கோள்கள் (2002–2017, அடுத்த இணை 2018 முதல்) ஈர்ப்பை அளப்பதால் எல்லா நீரும் கணக்கில் வந்துவிடும். பதிலுக்கு, மாதம் ஒரு படம்தான். அதுவும் ஏறத்தாழ 300 கி.மீ.க்குக் குறைந்த எதையும் பிரித்துக் காட்டாது. சரி, மாஸ்கான் கோப்புகள் (பூமியைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் நிறை மாற்றத்தையும் தரும் கிரேஸ் தரவு) அரை டிகிரியில் கிடைக்கின்றனவே என்பீர்கள். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் தரும் கோப்பில் உண்மையான அலகு 3 டிகிரி. பொடிக் கட்டங்கள் வெறும் பொதிமுறை, அதில் புதுத் தகவல் கிடையாது.

சுமை தொலைவில் இருந்தால் இந்தக் குறைகள் பெரிதாக உறுத்தாது. அருகில் இருந்தால்தான் சிக்கல். 1972இல் புவி இயற்பியலாளர் ஃபாரல் தந்த கிரீன் சார்புகளின்படி (ஓர் அலகு எடை எவ்வளவு தூரத்தில் நிலத்தை எவ்வளவு நகர்த்தும் என்று சொல்பவை), சுமைக்கு அருகே அமுங்கல் ஏறத்தாழ தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். அதனால் கட்டத்தின் மொத்த எடையையும் நடுப்புள்ளியில் வைத்துக் கணக்கிட்டால், அதன் பக்கத்தில் நிற்கும் ஜிபிஎஸ் நிலையத்துக்கு அபத்தமான விடை வரும். அருகிலுள்ள கட்டங்களையாவது உடைத்துக் கணக்கிட வேண்டும். கடற்கரையில் இன்னும் சிக்கல். கிரேஸில் நிலத்தின் சமிக்ஞை கடலுக்குள் கசியும். ஜிஎல்டாஸில் பாதி நிலம், பாதி கடலான கட்டம் எந்தப் பக்கம் என்பதே குழப்பம்.

கண்ட உட்பகுதியில் ஆண்டுச் சுழற்சி மட்டும் போதும் என்றால் என் தேர்வு கிரேஸ்தான். அணைக்கட்டுக்குப் பக்கத்து நிலையத்துக்கு இரண்டுமே உதவாது. நீர்மட்டப் பதிவையும் நீர்த்தேக்கத்தின் உண்மையான கரைக்கோட்டையும் வைத்துத் தனியே கணக்கிடுவதே வழி. குறிப்பாகக் கிடைமட்ட நகர்வில். நீர் ஏறும்போது நிலையம் நீர்த்தேக்கத்தை நோக்கி நகரும். அதன் நீர் ஒரு பெரிய கட்டம் முழுக்கப் பரவிவிட்டால், கணக்கில் நகர்வின் திசையே மாறிப்போகலாம்.