‘சேவேஜ் ஸ்வோர்ட் ஆஃப் கோனன்’ முதல் இதழ் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

பழைய கறுப்பு வெள்ளை காமிக்ஸ் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு. கோனன் என்ற வாள்வீரனின் கதைகளை மார்வெல் நிறுவனம் வெளியிட்ட பத்திரிகை ‘தி சேவேஜ் ஸ்வோர்ட் ஆஃப் கோனன்’. 1974 ஆகஸ்ட் தேதியிட்ட அதன் முதல் இதழை இணையத்தில் ஒரு அமெரிக்க வியாபாரியிடம் 350 டாலர் கொடுத்து வாங்கினேன். படத்தில் காட்டியது ஒரு பிரதி, வீட்டுக்கு வந்தது வேறொரு பிரதி. அதுவும் முழுப் பிரதி இல்லை. இரண்டு பழைய பிரதிகளைப் பிரித்து ஒன்றாகக் கோத்தது.

அன்றைய கடைவிலை 1 டாலர்தான். மார்வெலின் வண்ணக் காமிக்ஸ்களுக்கு 1954இல் உருவான காமிக்ஸ் தணிக்கை அமைப்பின் முத்திரை தேவைப்பட்டது. பெரிய அளவில், கறுப்பு வெள்ளையில், பத்திரிகையாகப் போட்டால் தேவையில்லை. அந்தச் சந்தில் நுழைந்து வந்ததுதான் இது. அதனால் வெட்டுக்குத்தும் ரத்தமும் வண்ணப் புத்தகத்தைவிடத் தாராளம். ராய் தாமஸ் எழுத்து, ஜான் புஸேமா படம், முதல் இதழுக்கு போரிஸ் வலேஹோவின் ஓவிய அட்டை. 1995 வரை 235 இதழ்கள் வந்தன. என்னைக் கேட்டால் புஸேமாவின் பென்சிலுக்கு மேல் பிலிப்பைன்ஸ் ஓவியர் அல்ஃப்ரெடோ அல்காலா மை தீட்டிய இரண்டாம் இதழ்தான் கண்ணுக்கு விருந்து. ஆனால் சந்தை எப்போதும் முதல் இதழின் பின்னால்தான் ஓடும். ஏமாற்றுபவர்களும் அங்கேதான் கடை விரிக்கிறார்கள்.

விளம்பரத்தில் ‘பத்துக்கு ஒன்பது தரம்’ என்று போட்டிருந்தார். பழைய காமிக்ஸை ஆராய்ந்து மதிப்பெண் போடும் தர நிறுவனம் எதுவும் சொன்னதில்லை, அவரே போட்டுக்கொண்ட மார்க். பிளாஸ்டிக் உறைக்கு மேலிருந்து எடுத்த ஒரு அட்டைப் படம் மட்டும் இருந்தது. உள்பக்கப் படங்கள் கேட்டேன், மறுநாளே அனுப்பினார். அழகான படங்கள். அட்டையின் மேல் ஓரத்தில் பென்சிலால் ஒரு தேதி எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் சரக்கு வந்த நாளைக் கடைக்காரர்கள் இப்படிக் குறித்து வைப்பார்கள். எனக்கு அது பிடித்தும் போனது.

வந்த பிரதியில் அந்தத் தேதி இல்லை. அழித்த தடம்கூட இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மூன்று பக்க ஓரங்களும் நேற்று வெட்டிய நோட்டுப் புத்தகம் போலப் பளிச்சென்று இருந்தன. என்னிடம் உள்ள அடுத்த இதழ்களோடு வைத்துப் பார்த்தால் அகலம் 3 மில்லிமீட்டர் குறைவு. பழுத்து நொறுங்கிய ஓரத்தை வெட்டிவிட்டிருக்கிறார்கள். முதுகில் நிறம் உதிர்ந்த இடங்களில் மார்க்கர் பேனா தடவியிருந்தது. சாதாரண வெளிச்சத்தில் தெரியவில்லை, புற ஊதா டார்ச் அடித்ததும் திட்டுத்திட்டாகத் தனித்து நின்றது. நடுத்தாள்கள் நல்ல பழுப்பு, மற்றவை வெளிர். நடுப்பக்கத்தை விரித்தால் ஸ்டேப்ளர் பின் இருக்கும் துளைக்குப் பக்கத்திலேயே காலியாக இன்னொரு துளை. ஒரே புத்தகமாகப் பிறந்த தாள்களில் அது எப்படி வரும்?

வியாபாரியின் முதல் பதில்: “ஐம்பது வருடக் காகிதம், அப்படித்தான் இருக்கும்.” பென்சில் தேதியைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. பிறகு, திருப்பி அனுப்பினால் 20 சதவீதம் கழித்துத் தருவேன், தபால் செலவு உங்களுடையது என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அனுப்பிய படங்களையும் வந்த பிரதியின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்தேன். பிரதியைத் திருப்பி அனுப்பினேன், பணம் முழுதாகத் திரும்பியது, ஆனால் சில வாரம் இழுத்தது. ‘நண்பருக்கு அனுப்புவது’ என்ற வகையில் பேபாலில் பணம் போடச் சொல்லி முதலில் கேட்டிருந்தார், நான் மறுத்துவிட்டேன். அந்த வகையில் போடும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. கேட்டாலே ஒதுங்கிவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து வரவழைப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்கவேண்டும், திருப்பி அனுப்பும் செலவே பெரிய தொகை. உறையிலிருந்து எடுத்து, உங்கள் பெயர் எழுதிய துண்டுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். அட்டையின் மேல் ஸ்கேல் வைத்த படம், நடுப்பக்கத்தில் பின் தெரியும் படம், முதுகின் நெருக்கப் படம் மூன்றும் கட்டாயம். தர மறுத்தால் சரி, வேறு ஆளைப் பார்க்கலாம். கதைதான் வேண்டும், பழைய காகிதம் முக்கியமில்லை என்றால் டார்க் ஹார்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் போட்ட தடித்த மறுபதிப்புத் தொகுதிகள் கறுப்பு வெள்ளையிலேயே இருக்கின்றன.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் திருப்பி அனுப்பிய பிரதிதான் போலிருக்கிறது, போன வாரம் அதே வியாபாரியிடம் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே ‘பத்துக்கு ஒன்பது’, பென்சில் தேதியோடு அதே படங்கள். விலை மட்டும் 375 டாலர்.