இலங்கையின் காலி நகரக் கோட்டைக்குள் தங்குவதா, பக்கத்துக் கடற்கரை ஊரான உனவட்டுனவிலா?

செலவு: கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, அறை வாடகைதான் கூடுதல். உனவட்டுனவில் மலிவு.

போக்குவரத்து: காலி ரயில் நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். உனவட்டுன சுமார் 5 கி.மீ.; மாத்தறை போகும் பஸ் போதும். ஆட்டோ என்றால் ஏறுமுன் கட்டணம் பேசுங்கள்.

கடல்: கோட்டையில் கலங்கரை விளக்கத்தடியில் சிறு மணற்கரைதான். உனவட்டுன விரிகுடாவைப் பவளப்பாறை காக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை நிம்மதியாக நீந்தலாம். மே–செப்டம்பரில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைப் புரட்டும், இறங்கவே வேண்டாம்.

மதில்: நிழல் கிடையாது, மதியத்தில் கல் சுடும். மாலை ஐந்துக்கு ஏறி மேற்குப் பக்கமாக நடங்கள். சுவரில் பதிந்த பவளத் துண்டுகளைத் தொட்டுப் பாருங்கள், அத்தனை அழகு!

ஓர் இரவுதான் என்றால் கோட்டை. பிள்ளைகளோடு மூன்று நாள் என்றால் உனவட்டுன.