வேலூரில் தெருத்தோட்டம் போட்டுக் கொடுத்தவர்கள்: ஐந்துக்கு மூன்று

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் ஒரு கிரவுண்டு காலி மனை. சொந்தக்காரர் பெங்களூரில் இருக்கிறார். வீடு கட்டும்வரை செடி வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட் சாவியைக் கொடுத்துவிட்டார். 19 வீடு, வீட்டுக்கு 2,000 ரூபாய், ஆக 38,000. சென்னையிலிருந்து வந்து தோட்டம் போட்டுத் தருபவர்களைப் பிடித்தோம். பெயர் வேண்டாம், கணக்கு இன்னும் தீரவில்லை.

மண் வேலையில் குறை சொல்ல முடியாது. கிடந்த செங்கல் கழிவை அள்ளிவிட்டு, செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்து மேட்டுப்பாத்தி போட்டார்கள். அகலம் நாலடி. எந்தப் பக்கம் நின்றாலும் கை நடுவரைக்கும் எட்டும், மண்ணை மிதிக்க வேண்டியதில்லை. நிழல்வலை ஐம்பது சதவீதம். நம்ம ஊர் மே மாத வெயிலில் அது இல்லாவிட்டால் கீரை கருகிவிடும்.

தகராறு வரைபடத்தில் ஆரம்பித்தது. கலரில் அழகாகப் போட்டு வந்தார் ஒரு தம்பி. காம்பவுண்டுக்குள் வெண்டைக்குக்கூட இடம் குறித்திருந்தது, வெளியே வெறும் வெள்ளைத் தாள். என் வீடு அந்த வெள்ளையில்தான் இருக்கிறது! உரக்குழி வடமேற்கு மூலையில், அங்கிருந்து ஆறடியில் என் சமையல்கட்டு ஜன்னல். பேனாவை வாங்கி நானே ஜன்னல்களை வரைந்தேன். மோட்டார் வைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம், நைட் டூட்டி முடித்துவிட்டுப் பகலில் தூங்கும் நர்ஸ். மேற்குச் சுவர் ஓரம் நாலு முருங்கை போட்டிருந்தார். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டு, சுவர் ஏறி, பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்கு வரும் என்றேன். "மருந்து அடிச்சிடலாம் மேடம்" என்கிறார். யார் வீட்டு ஜன்னலுக்குள் அடிப்பது?

மோட்டாரையும் முருங்கையையும் காசு வாங்காமல் மாற்றினார்கள், அதற்கு நன்றி. குழிக்கு மட்டும் தனியாக 3,500 கேட்டதால், பார்த்துக்கொள்ளலாம் என்று சங்கத்தில் விட்டுவிட்டார்கள். இரண்டே வாரம். "இன்னாம்மா இது, சோறு துன்ன முடியல" என்று எதிர்வீட்டு ஆயா கேட்டில் வந்து நின்றது. ஈரக்கழிவு ஒரு கூடை போட்டால் மேலே காய்ந்த இலை தாராளமாகப் போட்டு மூட வேண்டும், வாரம் ஒருமுறை கிளற வேண்டும். இதைக்கூட அவர்கள் சொல்லித் தரவில்லை. கடைசியில் நாங்களே ஒரு ஆளை வைத்து ரோட்டோரத்துக்கு மாற்றினோம்.

பராமரிப்புக்கு வந்தவர், சாணமும் கோமியமும் ஊறி நாறும் பஞ்சகவ்யக் கரைசலைச் செடிக்கு அடித்த நேரத்தையும் சொல்லியாக வேண்டும். லிட்டருக்கு 30 மில்லி, அளவெல்லாம் சரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி! தெருவில் பாதி வீட்டில் பிரியாணி தம்மில் இருக்கிறது. காலையிலோ சாயங்காலமோ அடித்தால் செடிக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

தண்ணீர் டிரம்முக்கு மூடி கிடையாது, அதற்கும் தனிக் காசாம். ஒரு வாரம் தண்ணீர் தேங்கினாலே கொசு வந்துவிடும். பழைய கொசுவலையை இரண்டாக மடித்து, பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன்.

கத்திரி நாற்று என்று கொடுத்தது ஏதோ ஊதா ஹைப்ரிட். முள்ளுக் கத்திரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில், அந்தத் தம்பிக்கு அது விளையும் இலவம்பாடி என்ற ஊர்ப் பேரே தெரியவில்லை. அணைக்கட்டுப் பக்கம் சொந்தக்காரர்களிடம் நாற்று வாங்கி வந்து ஒரு பாத்தி முழுக்க வைத்தோம். போன வாரம் முதல் பறிப்பு, காம்பில் முள் குத்தி விரல் இன்னும் வலிக்கிறது.

ஒப்பந்தப்படி மூன்று முறை வர வேண்டும், இரண்டு முறைதான் வந்தார்கள். போன் போட்டால் "நாளைக்கு வர்றோம் மேடம்". வரட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்.