பாதி நிஜம் பாதி ரீல்: இந்த டெய்லி காலண்டரை வாங்கலாமா?

வேலூர் லாங்கு பஜாரில் இந்த வருஷம் புதுசாக ஒரு தினசரி காலண்டர் வந்திருக்கிறது, 150 ரூபாய். ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் வழக்கம்போல உண்டு, ராசிபலன் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ‘வரலாற்றில் இன்று’ என்று இரண்டு சேதி போட்டிருக்கிறார்கள். ஒன்று நிஜமான அறிவியல், இன்னொன்று பச்சைப் பொய். எது எது என்று சொல்ல மாட்டார்கள், விடை மறுநாள் தாளின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும்.

சரி, பொய்கள் எப்படி? ஊர் வாசனை அடிப்பவை பிரமாதம். கத்திரி வெயில் தொடங்கும் மே 4 தாளில், வேலூருக்கு டியூட்டிக்கு வந்த சூரியன் “இங்கே வெயில் தாங்கலை” என்று மாற்றல் கேட்டு மனு கொடுத்ததாம். காட்பாடிக்கு ஒளியின் வேகத்தில் ரயில் விட்டார்களாம், அப்படியும் 20 நிமிஷம் லேட். பாலாற்றில் தண்ணீர் ஓடியதைப் பார்த்து மிரண்டுபோய் பள்ளிகளுக்கு லீவு விட்ட நாள் ஒன்று வருகிறது, அது பொய்தானா என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

இருந்தாலும் கெட்டிக்காரத்தனம் நிஜங்களைப் பொறுக்கியதில்தான் இருக்கிறது. மார்ச் 10ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1977ல் அன்றைக்கு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனது, கிரகம் மறைப்பதற்கு முன்னாடியே நட்சத்திரம் விட்டுவிட்டு மங்கியது, அதை வைத்துத்தான் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதே தெரிந்தது. அமெரிக்கக் குழு ஒன்று விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்து கண்டுபிடித்தது, அதே மங்கலை நம்ம ஜவ்வாது மலை காவலூர் வானாய்வு மையத்தில் இருந்தவர்களும் பதிவு செய்தார்கள். எங்கள் மாமா இதைப் படித்துவிட்டு “காவலூராவது யுரேனஸாவது, சும்மா அளக்கிறான்” என்றார். ரயில் சேதியை அப்படியே நம்பிவிட்டார், அதுவும் லேட் என்பதால்.

அக்டோபர் 10ல் ‘1582ல் இத்தாலியில் இந்த நாளே கிடையாது’ என்று போட்டிருக்கிறது. நிஜம்தான். போப் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது அங்கே அக்டோபர் 4க்கு அடுத்த நாளே 15. காலண்டரே காலண்டரைக் கலாய்க்கிற இந்த ஒரு தாளுக்கே பாதிக் காசு செரித்துவிட்டது.

குறை என்றால், ஆகஸ்டுக்கு மேல் சரக்கு தீர்ந்துபோய் வெறும் டைனோசர், வேற்றுக்கிரகவாசி ஜோக்காக வருகிறது, எந்த ஊர்க்காரனும் எழுதக்கூடியது. டிசம்பர் 9, டாக்டர் ஐடா ஸ்கடர் 1870ல் பிறந்த நாள். அவர் வேலூரில் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையில்தான் 1971ல் நாட்டிலேயே முதன்முதலாக சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. அந்தத் தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, டைனோசர் பானிபூரி சாப்பிடுகிறது. வேலூரில் அச்சடித்த காலண்டருக்கு இது அநியாயம்.

பேப்பர் ரொம்ப மெல்லிசு, ஒன்றைக் கிழித்தால் இரண்டு வருகிறது, அப்புறம் அன்றைய விடையும் சேர்ந்து போய்விடும். அமாவாசை, கிருத்திகை எல்லாம் சரியாக இருக்கிறது, அம்மா பாம்பு பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டார். அட்டை கனம், ஆணியை மட்டும் நல்லதாகப் பார்த்து அடியுங்கள்.