வராத ஊர்களும் போன ஊர்களும்: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மதிப்புரை

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் ரெய்டு (பலர் சேர்ந்து போகும் பெரிய சண்டை) எப்படி, எந்த கிளாஸ் (ஆட்டக்காரரின் வகை) இப்போது பலம், கியர் (ஆயுதம், கவசம்) சீக்கிரம் கிடைக்கிறதா என்றுதான் எழுதுகிறார்கள். அதில் எனக்குப் பெரிய ஞானம் கிடையாது. நான் எழுதப்போவது அந்த உலகத்தில் இருந்தும் இல்லாத இடங்களைப் பற்றி. பாதி கட்டி விட்டவை, வாசல் மட்டும் வைத்துப் பூட்டியவை, பல வருடம் ஆடவிட்டு அப்புறம் இடித்தவை. காசு கட்டி ஆடுகிறவன் இல்லாத இடத்துக்கு மதிப்புரை எழுதுவதா என்று கேட்கலாம். 2006இல் சேர்ந்தவன் இன்னும் சந்தாவை விடாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அந்த இடங்கள்தான், அதனால் எழுதுகிறேன்.

என் ஆள் ஒரு நோம் மேஜ், அதாவது குட்டி இனத்து மந்திரவாதி. உயரத்திலிருந்து மெதுவாக இறங்க ஸ்லோ ஃபால் மந்திரம் மேஜுக்கு உண்டு, அந்தக் காலத்தில் அதைப் போட ஒவ்வொரு தடவையும் ஒரு இறகு செலவாகும். கில்டில், அதாவது எங்கள் ஆட்டக் குழுவில், மற்ற மேஜ்கள் பை நிறைய ரெய்டுக்கு வேண்டியதை வைத்திருப்பார்கள். என் பையில் இறகுக் கட்டுகள்தான் அதிகம். ரெய்டு தலைவர் திட்டுவார். திட்டட்டும்.

2004 நவம்பரில் வெளியான அந்த முதல் வடிவத்தைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். கிழக்கு ராஜ்யங்கள், காலிம்டோர் என்ற இரண்டு பழைய கண்டங்களிலும் நம் இஷ்டத்துக்குப் பறக்க முடியாது. கிரிஃபின் மேல் ஏறலாம், ஆனால் அது போட்ட தடத்திலேயே போகும். ஆகவே உலகம் முழுவதையும் தரையில் நடப்பவன் கண்ணுக்கு எட்டும் அளவுக்கு மட்டும் கட்டியிருந்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால் ஸ்டார்ம்விண்ட் பெரிய கோட்டை நகரம். பல கட்டடங்களுக்குப் பின்பக்கமே கிடையாது. இரண்டு பிரதேசங்களுக்கு நடுவே மலை போட்டு மறைத்த இடங்களில் சில வெறும் தரை. சிலவற்றில் யாரோ ஏதோ கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தக் கிரிஃபின் தடங்கள்தான் முதலில் ஆசை காட்டின. அயர்ன்ஃபோர்ஜிலிருந்து மெனிதில் துறைமுகத்துக்குப் போகும்போது பனிமலைக்கு மேலே ஒரு விமான தளம் கீழே கடந்து போகும். ஓடுபாதை, நிறுத்திவைத்த விமானங்கள், எல்லாம் உண்டு. நடந்து போக வழி மட்டும் இல்லை, அங்கே அனுப்புகிற குவெஸ்ட்டும் (விளையாட்டு தரும் வேலை) இல்லை. காலிம்டோரின் வடக்கே ஒரு ட்ரோல் கிராமம் இருந்தது. அங்கிருந்தவர்கள் ஓயாமல் ஆடிக்கொண்டே இருப்பார்கள். எதற்கு ஆடுகிறார்கள் என்று சொல்ல ஒரு வரி கதை கிடையாது. வெஸ்ட்ஃபால் கடற்கரையிலிருந்து வடக்கே கரையை ஒட்டி நீந்தினால், டன் மோரோ மலைகளின் அடியில் நியூமன்ஸ் லேண்டிங் என்று ஒரு துண்டு நிலம் வரும். பெயர் திரையில் எழும்பும். ஆளரவம் இருக்காது. கரையை விட்டுச் சற்று விலகினாலும் களைப்புப் பட்டை ஓட ஆரம்பிக்கும், அது தீர்ந்தால் சாவு. ஒரு பொருளும் தராத, ஒரு புள்ளியும் சேர்க்காத அந்த நீச்சல்தான் இந்த விளையாட்டில் எனக்குக் கிடைத்த மிக நல்ல மாலைகளில் ஒன்று.

ஹைஜால் மலை வேறு ரகம். முந்தைய விளையாட்டான வார்கிராஃப்ட் 3இன் கடைசிப் போர் நடந்த இடம். முதல் வடிவத்தில் அது வரைபடத்தில் இருக்கும், உள்ளே போக வழி இருக்காது. விண்டர்ஸ்பிரிங் பக்கம் சரிவுகளில் குதித்துக் குதித்து, பாறை விளிம்பில் கால் ஊன்றி ஏறுகிறவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். மேலே உலக மரம், அதைக் கட்டிப்பிடித்தபடி அரக்கர் தலைவன் ஆர்க்கிமாண்டின் எலும்புக்கூடு. அரக்கர் படையே வந்து அழிந்த இடத்தில் ஒரு எதிரி கூடக் கிடையாது. காலிம்டோருக்கு வடமேற்கே கடலில் விளையாட்டு நிறுவனத்தின் கண்காணிப்பாளர்களுக்கான ஜிஎம் தீவு என்று ஒன்று உண்டு, அதற்குப் போனவர்கள் சிலருக்குக் கணக்கு முடங்கியது. அதை நான் தூண்டவில்லை. போய்ப் பார்க்கவும் அங்கே பெரிதாய் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றிலும் பெரியது காரஸான் கோபுரத்துக்கு அடியில் இருந்த நிலவறைகள். கோபுரம் 2007 ஜனவரியில் பர்னிங் குருசேட் என்ற விரிவாக்கத் தொகுப்பு வந்தபோது ரெய்டாகத் திறந்தது, இன்றைக்கும் அதைப் பலர் இந்த விளையாட்டின் சிறந்த ரெய்டு என்பார்கள். ஆனால் கோபுரத்துக்கு வெளியே, மார்கன்ஸ் பிளாட் என்ற கல்லறைத் தோட்டத்தில், பூட்டிய வாசல் ஒன்று இருந்தது. எப்படியோ உள்ளே நுழைந்தவர்கள் படம் பிடித்துப் போட்டார்கள். கட்டி முடித்த சுரங்கங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர்: ஏழைகளின் நடை, குற்றவாளிகளின் குழி, மறக்கப்பட்டவர்களின் கிணறு. கடைசியாகத் தண்ணீர் நிறைந்த ஒரு அறை. அதில் சங்கிலியில் கட்டித் தலைகீழாகத் தொங்கும் உடல்கள். அந்த அறையின் பெயரே தலைகீழ்ப் பாவிகள்.

இப்படி ஒரு இடத்தைச் சாமான், ஒளி, பெயர் எல்லாம் போட்டு முடித்துவிட்டுப் பூட்டிவிட்டார்கள். பூட்டியது விளையாட்டுக்கு நல்லதா கெட்டதா என்று கில்டில் நாங்கள் அடித்துக்கொண்டிருக்கிறோம். என் கட்சி, நல்லது. காரஸானுக்குள் அங்கே வாழ்ந்த மந்திரவாதி மேடிவின் கதை பாதிதான் சொல்லப்படுகிறது, மீதி அடியில் இருக்கிறது என்ற எண்ணம் அந்த ரெய்டின் ஒவ்வொரு படிக்கட்டிலும் கூடவே வந்தது. கதவு திறந்திருந்தால் அங்கேயும் நாலு பாஸ் (பெரிய எதிரி), நாலு பெட்டி என்று ஆகியிருக்கும். 2025இல், பழைய வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்த கிளாசிக்கின் சீசன் ஆஃப் டிஸ்கவரி என்ற பதிப்பில், அந்த நிலவறைகளை ஐந்து பேர் போகும் ஒரு டஞ்சனாகத் திறந்தே விட்டார்கள். அதை நான் ஆடினேன், நன்றாகவே இருந்தது. நாலு பாஸ், நாலு பெட்டி என்று நான் சொன்ன பேச்சு முழுக்க எடுபடவில்லை. தண்ணீர் அறைக்கு முன்னால் எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் 2010. நவம்பர் 23ஆம் தேதி வந்த பேட்ச் (விளையாட்டின் புதுப்பிப்பு) பழைய கண்டங்களையே மாற்றிவிட்டது. கேட்டகிளிசம் தொகுப்பு டிசம்பர் 7ஆம் தேதிதான் கடைக்கு வந்தது, ஆனால் அதை வாங்காதவனுக்கும் அவன் உலகம் போய்விட்டது. பேரன்ஸ் இரண்டாகப் பிளந்தது. தவுசண்ட் நீடில்ஸ் தண்ணீருக்குள் போனது. ஆபர்டைன் இடிந்தது, சவுத்ஷோர் பிளேக்கில் அழிந்தது, ஸ்டார்ம்விண்டின் பூங்கா இருந்த இடம் பள்ளமானது. பழைய கண்டங்களில் பறக்க அனுமதிக்க வேண்டுமென்றால் பின்பக்கம் இல்லாத கட்டடத்தை வைத்துக்கொண்டு முடியாது, எல்லாவற்றையும் மறுபடி செய்தாக வேண்டும். காரணம் நியாயமானதுதான். ஆனால் மேலேயிருந்து எல்லாம் தெரிகிற உலகத்தில் எதை ஒளித்துவைப்பது?

அதே பேட்சில் பழைய பூட்டுகள் பலவும் திறந்தன. அயர்ன்ஃபோர்ஜ் சிம்மாசனத்துக்குப் பின்னால் இருந்த பழைய அயர்ன்ஃபோர்ஜுக்கு இப்போது நேராக நடந்து போகலாம்; சடங்கில் வைரமாய் உறைந்துபோன மன்னர் மேக்னியை அங்கே வைத்தார்கள். மூடிய அறைக்கு ஒரு காரணமும் துக்கமும் சேர்ந்து கிடைத்தது, எனக்குப் பிடித்திருந்தது. விமான தளத்துக்குக் குவெஸ்ட் வந்தது. போனேன், வந்தேன், அவ்வளவுதான். டிசம்பரில் கேட்டகிளிசம் வந்ததும் ஹைஜால் முழுப் பிரதேசமானது, நெருப்பும் எதிரியுமாக நிரம்பியது, காட்சிக்குக் குறை சொல்ல முடியாது.

கில்னியஸ்தான் எனக்கு ஆறாத ஒன்று. சில்வர்பைன் காட்டின் தெற்கே கிரேமேன் சுவர், அதில் ஒரு பெரிய இரும்புக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ராஜ்யமே கதவடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று கதை. 2010இல் திறந்தது. வோர்கன் என்ற ஓநாய் மனித இனத்தின் தொடக்க இடமாக மழையும் மூடுபனியும் கல்தெருவுமாக அற்புதமாகச் செய்திருந்தார்கள். சில மணி நேர ஆட்டம். அந்தக் கதை முடிந்ததும் ஊர் விழுந்துவிடும், நாம் கப்பலேறிவிடுவோம். அதன்பின் திரும்பிப் போனால் ஒரு ஜீவன் இருக்காது. 2024 ஜனவரியில் மீட்கும் வரை அத்தனை பெரிய நகரம் காலியாகவே கிடந்தது. வரைபடத்திலும் இருந்து, கதவும் திறந்திருந்து, அப்படியும் இல்லாத இடம் அது. பூட்டியிருந்த காலத்தில் அதற்கு இருந்த மரியாதை திறந்தபின் இல்லை.

சொல்லிவிட்டுத் தராதவை தனிக் கணக்கு. கேட்டகிளிசத்தில் ஃபயர்லாண்ட்ஸ் ரெய்டுடன் வர இருந்த அபிஸல் மா என்ற கடலடி இடம் வரவில்லை. வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனார் தொகுப்பு 2013இல் அறிவிக்கப்பட்டபோது ஃபரலோன் என்று ஒரு பிரதேசம் பட்டியலில் இருந்தது, அது வரவே இல்லை. காரபோர், பிளேட்ஸ்பயர் இரண்டும் தலைநகரங்கள் என்றார்கள். கடைசியில் ஆஷ்ரான் தீவின் இரண்டு முனைகளில் இரண்டு சின்ன முகாம்களைக் கொடுத்து அதுதான் தலைநகரம் என்றார்கள். காரபோர் கோயிலின் வாசலில் போய் நின்று பாருங்கள், தலைநகரமாக்கத்தான் கட்டினார்கள் என்பது அதன் படிக்கட்டின் அகலத்திலேயே தெரியும். 2014 நவம்பரில் ஒரு கோடியைத் தாண்டிய சந்தாதாரர் எண்ணிக்கை 2015 நடுவில் 56 லட்சத்துக்கு இறங்கியது. விட்டுப்போன ஊர்கள் மட்டும் அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் பல மாதம் ஓடியது பெரிய காரணம். இரண்டும் ஒரே வறட்சியின் இரண்டு முகம்.

காத்திருந்தவர்களுக்குச் சில சமயம் நல்லதும் நடந்தது. லிச் கிங் தொகுப்பின் காலத்தில் அஜோல்-நெரூப் நிலத்தடிப் பிரதேசமாக வரும் என்று எதிர்பார்த்தோம், இரண்டு டஞ்சன்களோடு முடிந்தது. 2024இல் வார் விதின் தொகுப்பில் வந்த அஸ்-கஹெட் வேறு நிலத்தில் வேறு கதையோடு வந்தாலும், சிலந்தி மக்களின் நிலத்தடி நகரம் என்ற அந்தப் பழைய ஆசையைத் தீர்த்துவைத்தது. எமரால்ட் ட்ரீம் விஷயத்தில் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. மனிதக் கை படாமல் இருந்தால் விளையாட்டின் உலகமான அஸெராத் எப்படி இருந்திருக்குமோ அதுதான் எமரால்ட் ட்ரீம் என்பது கதை. அதற்கென்று செய்த பச்சை நிலங்கள் தொடக்க காலத்திலிருந்தே விளையாட்டின் கோப்புகளில் கிடந்தன, வரைபடம் திறந்து காட்டும் நிரல்களில் பார்க்கலாம். மேடு மேடாகப் புல், பெரிய பெரிய மரம், வேறொன்றும் இல்லை. 2023 நவம்பரில் டிராகன்ஃப்ளைட் தொகுப்பில் அது பிரதேசமாக வந்தபோது அழகாகவே வந்தது. ஆனால் டிராகன் மேல் ஏறினால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மூச்சுவிடும் நேரத்தில் போய்விடலாம். உலகத்தின் அளவுக்கு ஒரு கனவு என்று சொல்லிவிட்டு அதை ஒரு சுற்றில் முடித்துவைத்தால் எப்படி?

சரி, இன்றைக்கு எதற்குக் காசு கட்டலாம்? அமெரிக்கக் கணக்குக்குச் சந்தா 2004இல் இருந்தது போலவே மாதம் 14.99 டாலர், அதிலேயே புதிய விளையாட்டும் கிளாசிக்கும் சேர்ந்து வரும். 2016 ஏப்ரலில் பழைய வடிவத்தை ரசிகர்களே ஓட்டிய நாஸ்டால்ரியஸ் என்ற தனியார் சர்வரை மூடவைத்தபோது எழுந்த கூச்சல் அடங்கவே இல்லை, 2019 ஆகஸ்டில் கிளாசிக் வந்தது. பிளக்காத பேரன்ஸ், கிழக்கு பிளேக்லாண்ட்ஸ் வானத்தில் மிதக்கும் பழைய நாக்ஸ்ராமஸ், எல்லாம் திரும்பின. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அந்த கிளாசிக்கின் ஒரு கிளை காலவரிசைப்படி முன்னே நடந்து, 2024 மே மாதத்தில் மறுபடி கேட்டகிளிசத்தை அடைந்தது. ஒரே உலகத்தை இரண்டு தடவை இடித்துப் பார்க்கும் பாக்கியம் இந்த விளையாட்டுக்காரர்களுக்குத்தான். அதனால் சேர்வதானால் கிளாசிக் எரா சர்வர்களில் சேருங்கள், அவை 2006ஐத் தாண்டுவதில்லை. பூட்டிய கதவுகளும் அங்கே பூட்டியபடியே இருக்கின்றன.

புதிய விளையாட்டில் இருப்பவர்களுக்கு ஸிடோர்மி இருக்கிறாள். வெண்கல டிராகன் குலம். அவளிடம் பேசினால் அந்தப் பிரதேசத்தின் பழைய காலத்துக்கு அனுப்புவாள். 2012இல் அழிந்த துறைமுக நகரம் தெராமோர், எரிவதற்கு முந்தைய டார்க்ஷோர், ராட்சத வாள் குத்தி நிற்பதற்கு முந்தைய சிலிதஸ் எல்லாம் இப்படிப் பார்க்கலாம். இந்த விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த வசதி இதுதான், பாதியில் நின்றுபோன வசதியும் இதுதான். 2010க்கு முந்தைய சவுத்ஷோருக்கோ பேரன்ஸுக்கோ அவள் அனுப்ப மாட்டாள். நண்பரைக் கூட்டிக்கொண்டு தெராமோர் பார்க்கப் போனால் இருவரும் தனித்தனியே அவளிடம் பேசுங்கள். ஒருவர் மட்டும் பேசினால் அவர் துறைமுகத்தில் நிற்பார், மற்றவர் அதே இடத்தில் இடிபாட்டில் நிற்பார், ஒரே பார்ட்டியில் (ஆட்டக் குழுவில்) இருந்தாலும் ஆளை ஆள் பார்க்க முடியாது.